சிரிப்புக் கோட்டுக்கு ஊசி: எத்தனை மாதம் தாங்கும்?

“என்ன அக்கா, உடம்பு சரியில்லையா? முகம் வாடிப்போய் இருக்கே!”

காலை நேர லோக்கல் ரெயிலில், பெண்கள் பெட்டியில், பக்கத்தில் இருப்பவள் இப்படிக் கேட்டுவிடுகிறாள். அன்போடு கேட்டதுதான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று மாலை வீடு திரும்பியதும் கை தானாகக் கண்ணாடியை எடுக்கிறது. மூக்கின் இரண்டு ஓரங்களிலிருந்தும் வாயின் ஓரம் வரை இரண்டு கோடுகள். முன்பு சிரித்தால் விழும். சிரிப்பு நின்றால் மறையும். இப்போது சிரிக்காதபோதும் அப்படியே நிற்கின்றன.

இதற்குச் சிரிப்புக் கோடு என்று பெயர். சிரிப்பு இல்லாதவர்களுக்கும் வரும் என்பதுதான் வேடிக்கை.

சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் அழகு நிலையக் கண்ணாடிக் கதவுகளைப் பார்த்தால், இந்தக் கோட்டை “ஒரே ஊசியில்” அழிப்பதாக விளம்பரம் தொங்குகிறது. சினிமா நட்சத்திரங்கள் மட்டும் செய்துகொண்ட காலம் போய்விட்டது. வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண், கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதி, மகள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும் தாய் என்று எல்லோரும் விலை விசாரிக்கிறார்கள். விசாரிப்பதில் தவறு இல்லை. எதைப் போடுகிறார்கள், எத்தனை நாள் நிற்கும், தவறினால் என்ன ஆகும் என்று மூன்றையும் விசாரிக்க வேண்டும். பெரும்பாலோர் விலையோடு நின்றுவிடுகிறார்கள்.

கோடு ஏன் விழுகிறது?

கன்னத்தில் தோலுக்குக் கீழே கொழுப்பு சிறு சிறு மெத்தைகளாக இருக்கிறது. வயது ஏற ஏற அந்த மெத்தை வற்றுகிறது. கொஞ்சம் கீழேயும் இறங்குகிறது. தாடை எலும்பும் சற்றுத் தேய்கிறது. தோலுக்கு உறுதி கொடுக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது. மேலே இருந்த பாரம் சரிந்து மூக்கோரத்தில் மடிப்பாக நிற்கிறது. வெயிலும் பீடி சிகரெட்டும் இதை விரைவுபடுத்தும். திடீரென்று உடம்பு இளைத்தாலும் கோடு ஆழமாகும்.

இன்னொரு காரணத்தை விளம்பரம் சொல்வதில்லை. அது பல். கடைவாய்ப் பற்கள் விழுந்து, அந்த இடத்தைச் சும்மா விட்டுவைத்தவர்களுக்குக் கன்னம் உள்ளே ஒட்டி, வாய் ஓரம் தொங்கிப்போகும். அவர்கள் ஊசிக்குப் போவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் போவது நல்லது. பல் செட் கட்டிக்கொண்டால் முகமும் நிமிரும், சோறும் மெல்லலாம். ஊசி போட்டு மெல்ல முடியாது!

மெழுகு வழிந்த மூக்கு

முகத்தை நிரப்பும் ஆசை புதிது அல்ல. 1893-ல் ஜெர்மனியில் நாய்பர் என்ற டாக்டர், கையிலிருந்து கொழுப்பு எடுத்து முகத் தழும்புப் பள்ளத்தில் வைத்தார். 1899-ல் வியன்னாவில் கெர்சுனி என்பவர் பாரபின் மெழுகை உருக்கி ஊசி மூலம் ஏற்றினார். அப்புறம் மெழுகு மோகம் பிடித்தது. மெழுகு ஓரிடத்தில் நிற்குமா? கட்டி கட்டியாக உறைந்தது, இடம் பெயர்ந்தது.

கிளாடிஸ் டீக்கன் என்ற பேரழகி, பின்னாளில் இங்கிலாந்தின் மார்ல்பரோ பிரபுவை மணந்தவர், இளம் வயதில் மூக்கை எடுப்பாக்க மெழுகு ஊசி போட்டுக்கொண்டார். மெழுகு மூக்கிலிருந்து நழுவித் தாடைக்கு இறங்கியது. ஐரோப்பாவே வியந்த முகம் கெட்டுப்போனது. அவர் 1977 வரை உயிரோடு இருந்தார்.

மெழுகுக்குப் பிறகு திரவ சிலிக்கான் வந்தது. அதுவும் கட்டியிலும் சீழிலும் முடிந்தது. முகம் நிரப்புவதற்குத் திரவ சிலிக்கானை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்றுவரை அனுமதிக்கவில்லை. “ஒரே தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும், விலையும் மலிவு” என்று யாராவது சந்துக்குள் கூப்பிட்டால், ஊசியில் இருப்பது அதுவாக இருக்கலாம்.

1981-ல் மாட்டின் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஒவ்வாமை வந்ததால் முதலில் கையில் போட்டுச் சில வாரம் பார்த்த பிறகே முகத்தில் போட வேண்டியிருந்தது. அவ்வளவு காத்திருந்து போட்டதும் மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிட்டது.

இப்போது போடுவது என்ன?

இப்போது பெரும்பாலும் போடுவது ஹயாலுரானிக் ஆசிட் என்ற பசை. ஆசிட் என்றதும் பயப்பட வேண்டாம். பாத்திரம் கழுவும் ஆசிட் அல்ல. நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கும் வழவழப்பான பொருள். 1934-ல் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது கிருமிகளைத் தொட்டியில் வளர்த்துத் தயாரிக்கிறார்கள். ஆகவே சைவர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை.

இந்தப் பொருளைத் தண்ணீர் போல் அப்படியே ஏற்றினால் சில நாளில் உடம்பு கரைத்துவிடும். வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை உடம்பு தினமும் அழித்துப் புதிதாக உண்டாக்குகிறது. அதனால் தொழிற்சாலையில் அதன் இழைகளை ஒன்றோடொன்று ரசாயனத்தால் பின்னிவிடுகிறார்கள். ஓலைப்பாய் போல. பின்னல் நெருக்கமாக இருந்தால் கரைவது மெதுவாகும், பசையும் கெட்டியாகும். ஆழமான கோட்டுக்குக் கெட்டிப் பசை, மேலோட்டமான கோட்டுக்கு இளகிய பசை. இப்படிப் பின்னிய பசை 1996-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க அனுமதி 2003 டிசம்பரில் கிடைத்தது.

இந்த ஊசிக்கு ‘பில்லர்’ என்று பெயர். தூண் அல்ல; நிரப்புவது என்று பொருள். போடாக்ஸ் வேறு, இது வேறு. போடாக்ஸ் தசையைத் தளரச் செய்யும் மருந்து. நெற்றிக்கும் கண்ணோரச் சுருக்கத்துக்கும் போடுவார்கள். மூன்று நான்கு மாதம் இருக்கும். வாயைச் சுற்றி அதை அதிகம் போட்டால் சிரிப்பே கோணிப்போகும்.

எத்தனை மாதம்?

சிரிப்புக் கோட்டில் போட்ட ஹயாலுரானிக் பசை பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். சில கெட்டி ரகங்கள் ஒன்றரை ஆண்டு வரை. ஆளுக்கு ஆள் மாறும். வாயோரம் ஓயாமல் அசையும் இடம். பேசுகிறோம், மெல்லுகிறோம், சிரிக்கிறோம். அசைவு அதிகமான இடத்தில் பசை சீக்கிரம் குறையும். கரைந்தபின் முகம் பழையபடி ஆகுமே தவிர, ஊசியினால் முன்னிலும் மோசமாகத் தொங்கும் என்ற பேச்சு சரியல்ல. வித்தியாசம் பளிச்சென்று தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. மாறாக, மேலுக்குக் கரைந்தது போல் இருந்தும் உள்ளே மிச்சம் தங்கியிருப்பது ஸ்கேனில் சிலரிடம் தெரிந்திருக்கிறது. அதனால் “ஆறு மாதம் ஆகிவிட்டது, மறுபடி ரொப்பு” என்று கணக்குப் பார்த்து ஏற்றிக்கொண்டே போனால் முகம் உப்பி, ஆளே மாறிவிடும்.

வேறு ரகங்களும் உண்டு. எலும்பிலும் பல்லிலும் உள்ள கால்சியச் சத்தைப் பசையில் கலந்த ஊசி ஓராண்டும் அதற்கு மேலும் இருக்கும். பாலிலாக்டிக் ஆசிட் என்பது உடனே நிரப்பாது. சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை போட்டு, உடம்பையே கொலாஜன் உண்டாக்க வைக்கும். பலன் இரண்டு ஆண்டு வரை. பல் செட் செய்யும் அக்ரிலிக்கையே நுண்ணிய மணிகளாக்கிய ரகமும் இருக்கிறது. அது கரையவே கரையாது.

கரையாதது லாபம் என்று கணக்குப் பிள்ளை மனம் சொல்லும். இங்கே அந்தக் கணக்கு தப்பு. ஹயாலுரானிக் பசை பிடிக்காவிட்டாலோ, கட்டியானாலோ, ஹயாலுரானிடேஸ் என்ற மாற்று ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். மற்ற ரகங்களுக்கு அந்த மாற்று கிடையாது. முதல் முறை போடுகிறவர் கரைக்கக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

பணக் கணக்கு

ஒரு மில்லி சிரிஞ்சு ஒன்றுக்கு 25,000 ரூபாய் என்று டாக்டர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆழமான கோடு என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு சிரிஞ்சு ஆகலாம்: 50,000. ஓராண்டு தாங்கினால் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. தபால் ஆபீசில் மாதாமாதம் கட்டும் தொகையைவிட இது பெரிதா சிறிதா என்று அவரவர் பார்த்துக்கொள்ளலாம். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவ இன்சூரன்ஸ் பணம் தராது. மற்ற மருத்துவச் சிகிச்சைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்கு இல்லை. சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். தவணையில் கட்டலாம் என்பார்கள். பசை கரைந்த பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும் கூத்தும் நடக்கலாம்.

கண்ணுக்கு ஆபத்து

இந்தக் கோட்டை ஒட்டியே முகத்தின் முக்கியமான ரத்தக் குழாய் ஓடுகிறது. அது மூக்கோரமாக மேலே ஏறி, கண்ணுக்குப் போகும் குழாயோடு சேருகிறது. ஊசி முனை தவறிக் குழாய்க்குள் பசை புகுந்தால் ரத்த ஓட்டம் அடைபடும். அடைபட்ட தோல் செத்துப்போகும். பசை பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண் குழாயை அடைத்தால் பார்வை போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இது அபூர்வம். ஆனால் உலகெங்கும் நடந்து, டாக்டர்களின் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது.

ஊசி போட்டதும் தோல் வெளுத்துப்போனால், தாங்க முடியாத வலி இருந்தால், வலை விரித்தது போல் நீலமும் சிவப்புமாகத் திட்டுத் தெரிந்தால், பார்வை மங்கினால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. போட்டவர் உடனே மாற்று ஊசி போட வேண்டும். அதற்கு அந்த மருந்து அந்த அறையிலேயே இருக்க வேண்டும். “ஹயாலுரானிடேஸ் வைத்திருக்கிறீர்களா?” என்று முன்பே கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேள்வி புரியாமல் விழிப்பவரிடம் முகத்தைக் கொடுக்கவே கூடாது.

போடுகிறவர் எம்.டி. படித்த தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்று பார்க்க வேண்டும். மருத்துவ கவுன்சில் பதிவு எண் கேட்கலாம். அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் இது அவர் வேலை அல்ல. சீல் உடைக்காத பெட்டியைக் கண்முன் திறக்கச் சொல்லி, காலாவதித் தேதி பார்த்து, எண் அச்சிட்ட ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ஒருவருக்குப் போட்ட மிச்சத்தை இன்னொருவருக்குப் போடக் கூடாது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் பசை ஏற்றும் ‘பேனா’ ஒன்றை ஆன்லைனில் விற்கிறார்கள். அதை உபயோகிக்க வேண்டாம் என்று 2021-ல் அமெரிக்க அமைப்பு எச்சரித்தது.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முகத்தில் பரு அல்லது புண் பழுத்திருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது. போட்ட இடம் சில நாள் வீங்கும், நீலம் கட்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டால் போட்டோவில் வீங்கிய முகம்தான் விழும். மூன்று நான்கு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

ஊசி தேவையா என்றே சந்தேகமாக இருப்பவர்கள் சயான் லோகமான்ய திலக், பரேல் கே.ஈ.எம்., மும்பை சென்ட்ரல் நாயர் போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் கேஸ் பேப்பர் எடுத்துக் காட்டி ஆலோசனை கேட்கலாம். வரிசை நீளம்தான், ஆனால் அங்கே யாருக்கும் சிரிஞ்சு விற்க வேண்டிய அவசியம் இல்லை.

கோடு மறைந்தால்?

கடைசியாக ஒன்று. எல்லோரும் அழிக்கப் பார்க்கும் இந்தக் கோடு, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று தானாக அழிந்தால் அது நல்ல செய்தி அல்ல. முகத் தசை பலம் இழந்தால் அந்தப் பக்கக் கோடு தட்டையாகிவிடும். வாய் ஒரு பக்கம் இழுக்கும். டாக்டர்கள் “சிரியுங்கள் பார்ப்போம்” என்று சொல்வது இதைப் பார்க்கத்தான். கூடவே கை துவண்டாலோ பேச்சுக் குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொண்டு, 108-க்குப் போன் செய்து, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும்.