ஆப்பிள் கன்று வாங்கும் முன்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் சிறு மனை வைத்திருக்கும் சகோதரர்கள் சிலர், "நம் ஊரிலும் ஆப்பிள் வருமாமே, எந்த ரகம் வாங்கலாம்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். 7 டிகிரிக்குக் கீழான குளிர் போதிய நேரம் கிடைத்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். காஷ்மீரில் விளையும் 'டெலிஷியஸ்' ரகத்துக்கு சுமார் 1,000 மணி நேரம் வேண்டும். இஸ்ரேலில் உருவான 'அன்னா'வுக்கு 200 முதல் 300 மணி நேரமும், பஹாமாஸ் தீவில் கிடைத்த 'டார்செட் கோல்டன்' ரகத்துக்கு சுமார் 100 மணி நேரமும் போதும். ஹிமாச்சல் விவசாயி ஹரிமன் சர்மாவின் 'எச்.ஆர்.எம்.என்-99' ரகமும் குறைந்த குளிரில் காய்ப்பதுதான்.

நம் பகுதியில் மார்கழி இரவிலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மரம் வளரலாம், சில காய்களும் பிடிக்கலாம்; வருமானத்தை நம்ப முடியாது. ஆசைக்கு வைப்பவர்கள் அன்னா ஒன்று, டார்செட் ஒன்று என அருகருகே வையுங்கள். ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு உதவும். விதைக்கன்று வேண்டாம், ஒட்டுக்கன்றாகக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பழமும் கைக்கு நாலு காசும் வேண்டுமென்றால் கொய்யா நல்லது. 'லக்னோ 49' நிறையக் காய்க்கும். 'அலகாபாத்' ரகத்தில் விதை மென்மை. பதியன் கன்று இரண்டு, மூன்று ஆண்டுகளில் பலன் தரும். வெள்ளம் தேங்கும் மனையில் மேடு கட்டி நடுங்கள்.

கடன் வாங்கி ஆப்பிள் தோப்பு போட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.