சத்தம் ஓய்ந்தாலும் காந்தம் ஓய்வதில்லை

எம்.ஆர்.ஐ. அறையிலிருந்து வெளியே வருவோர் பலரும் எங்களிடம் முதலில் கேட்பது, "அது ஏன் அவ்வளவு சத்தம் போடுகிறது?" என்பதே. கருவி பழுதோ என அஞ்சியவர்களும் உண்டு. பழுதன்று, அது மின்னோட்டத்தின் ஓசை.

கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அதனைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும் என்பதை 1820இல் டென்மார்க் அறிஞர் எர்ஸ்டெட், திசைகாட்டி முள் அசைந்ததைக் கொண்டு அறிந்தார். மின்னோட்டத்தைக் கூட்டினால் புலம் வலுக்கும். ஓட்டத்தின் திசையை மாற்றினால் புலமும் திசைமாறும்.

நோயாளி படுத்திருக்கும் குழாயைச் சுற்றிப் பெரிய கம்பிச்சுருள் ஒன்று உள்ளது. திரவ ஹீலியத்தால் ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்ட அக்கம்பியில் மின்தடை இல்லை. ஆதலால் ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டேயிருக்கும். 1.5 டெஸ்லா கருவியின் புலம் புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. அப்புலம் வெளியே பரவாதிருக்க, எதிர்த்திசையில் மின்னோட்டம் பாயும் சுருள்களை வெளிப்புறத்தில் அமைப்பதுண்டு.

உட்புறத்தில் வேறு மூன்று தொகுதிச் சுருள்கள் உள்ளன. இவை உடலின் ஒருபுறம் புலத்தைச் சற்றே கூட்டி, மறுபுறம் சற்றே குறைக்கின்றன. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டே, உடலின் எவ்விடத்திலிருந்து சைகை வருகிறது எனக் கணினி அறிகிறது. இவ்வழியை 1973இல் வெளியிட்ட லாட்டர்பர், 2003இல் மான்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இச்சுருள்களில் மின்னோட்டம் நொடிக்குப் பலமுறை மாறுகிறது. வலிய காந்தத்தினுள் இருப்பதால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவை தள்ளப்பட்டு அதிர்கின்றன. ஒலிபெருக்கி ஒலிப்பதும் இவ்வாறே. காதடைப்பானைத் தவறாமல் அணிந்துகொள்ளுங்கள்.

உடன் வருவோர் தவறுவது இதன் பிறகுதான். சத்தம் நின்றதும், காந்தத்தை நிறுத்திவிட்டார்கள் என எண்ணி, சக்கர நாற்காலியுடன் உள்ளே விரைவார்கள். நின்றது உட்சுருள்களின் ஓட்டம் மட்டுமே. பெரிய காந்தம் இரவிலும் விடுமுறை நாளிலும் அப்படியே இருக்கிறது; விளக்கை அணைப்பதுபோல் அதனை அணைக்க இயலாது. இரும்பு ஆக்சிஜன் சிலிண்டர் எறியப்பட்டதுபோல் குழாயை நோக்கிப் பாயும்; சேலையில் குத்திய ஊக்கும் அவ்வாறே. எனவே வாசலில் எங்கள் பணியாளர் தடுத்தால் சினவாதீர்கள்.

பேஸ்மேக்கர், செவியினுள் பொருத்திய கருவி, மூளை இரத்தக்குழாயில் இட்ட கிளிப் ஆகியவற்றை முன்னரே தெரிவியுங்கள். நோயாளியுடன் உள்ளே இருக்கப்போகும் உறவினருக்கும் இது பொருந்தும். வெல்டிங், கடைசல் வேலை செய்தவர்களிடம், "கண்ணில் எப்போதேனும் துகள் பட்டதுண்டா?" என்று கேட்போம். பல ஆண்டுகளுக்கு முன் பட்டதாயினும் சொல்லுங்கள். கண்ணில் தங்கிய இரும்புத்துகள் அக்காந்தத்தில் அசைந்தால் பார்வை பறிபோகலாம்.