உங்களுக்குத் தெரியுமா? – மொட்டைமாடி உருளைக்கு விதைக்கிழங்கு

● உருளைக்கிழங்கு வேர் அல்ல, மண்ணுக்குள் பருத்துக்கொண்ட தண்டு. மேலே குழிகுழியாகத் தெரியும் கண் ஒவ்வொன்றிலும் மொட்டு இருக்கிறது. கண்கள் ஒரு முனையில் நெருக்கமாக இருக்கும். தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த மறுமுனையில் குறைவு. நடும்போது கண் நெருங்கிய முனை மேலே பார்க்கட்டும்.

● கிழங்கு பிடிப்பதைத் தீர்மானிப்பது இரவுக் குளிர். பகல் வெயிலைச் செடி ஓரளவு தாங்கும். இரவில் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறஏற இலைதான் தழைக்கும், கிழங்கு குறையும். சென்னையில் இரவு வெப்பம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வருவது மார்கழியிலும் தையிலும்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் கடலைவிட்டுத் தள்ளி இருப்பதால் விடியற்காலையில் மயிலாப்பூரைவிடச் சற்றுக் குளிரும். நமக்கு இருக்கிற மூலதனம் அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழையின் வேகம் அடங்கியதும், கார்த்திகையில் நட்டுவிட வேண்டும். மாசியில் தோண்டிவிடலாம். பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போட்டால் அழகான பச்சைச் செடி கிடைக்கும், குழம்புக்கு ஒன்றும் கிடைக்காது.

● 'உருளை மலைப்பயிர், சமவெளியில் வராது' என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டலாம். கடல்மட்டத்தை ஒட்டிய அந்தக் குடாநாட்டில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் நவம்பர், டிசம்பரில் நட்டு, பிப்ரவரி, மார்ச்சில் அகழ்கிறார்கள். அங்கே மார்கழி இரவு நம் ஆவடி இரவைவிடக் குளிர் என்று சொல்ல முடியாது. 1967-ல் இலங்கை அரசு உருளை இறக்குமதியைத் தடுத்ததும் இந்தப் பயிர் அங்கே வேகம் எடுத்தது. ஒரு முக்கியமான விஷயம்: யாழ்ப்பாண விவசாயி கண்ட கிழங்கை நடுவதில்லை. விதைக்கிழங்கு பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. வெப்பம் நம் கையில் இல்லாதபோது, விதையையாவது பொறுக்கி எடுக்கத்தானே வேண்டும்?

● கார்த்திகையில் கோயம்பேட்டில் இரண்டு வகைக் கிழங்கு கலந்து நிற்கும். ஒன்று, மாசி, பங்குனியில் அறுவடையாகி ஆக்ரா பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கில் இருந்து வரும் பழையது. மற்றது, அப்போதுதான் தோண்டிய புதியது. தோலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சருகுபோல் உரிந்துவந்தால் அது புதுக்கிழங்கு. பொரியலுக்கு அருமை, நடுவதற்கு ஆகாது. தோண்டியெடுத்த கிழங்கு ஏறத்தாழ இரண்டு மாதம் உறங்கும். தண்ணீர் தெளித்தாலும் சாக்கில் சுற்றினாலும் எழுந்திருக்காது. அது கண் விழிக்கும்போது மாசி வெயில் வந்துவிடும். தோல் இறுகி, கண்ணில் வெள்ளைப் பொட்டாக முளை எட்டிப்பார்க்கும் பழைய கிழங்குதான் நமக்கு வேண்டியது.

ரொம்பக் கிழமாகிச் சுருங்கியதையும் எடுக்காதீர்கள். அது செடியே விடாமல், முளையின் நுனியிலேயே சுண்டைக்காய் அளவுக் கிழங்கு கட்டி முடித்துக்கொள்ளும்.

● பல வாரம் வைத்திருந்தும் முளைக்காத கடைக்கிழங்கு சில சமயம் மருந்து கண்டிருக்கும். சிப்ஸ் கம்பெனிகளுக்கான கிழங்கை 10–12 டிகிரியில் சேமிப்பார்கள். அந்த வெப்பத்தில் முளை வரும் என்பதால் குளோர்புரோஃபாம் என்ற மருந்தைப் புகையாகச் செலுத்துவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதை 2020-ல் கைவிட்டது. விதைக்கிழங்கை 2–4 டிகிரியில் வைப்பதால் அதற்கு மருந்து தேவைப்படுவதில்லை.

● விதைப்பை கிடைத்தால் லேபிளில் 'குஃப்ரி' என்று தொடங்கும் பெயர் இருக்கும். குஃப்ரி என்பது சிம்லா பக்கத்தில் ஓர் ஊர். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் ரகங்களுக்கெல்லாம் அதுதான் முன்பெயர். தென்னக மலைகளுக்காக வந்த குஃப்ரி முத்து, குஃப்ரி தங்கம் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய ரகங்களும் உண்டு! நமக்கு ஏற்றது 2006-ல் வெளியான குஃப்ரி சூர்யா. வெப்பம் தாங்குவதற்கென்றே உருவாக்கியது. 75 முதல் 90 நாளில் முடிந்துவிடும். நம் குட்டிக் குளிர்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு இல்லை.

● ஊட்டி உருளை சுவையில் ராஜாதான். ஆனால் விதைக்காக அதை மலையிலிருந்து இறக்கக் கூடாது. 1961-ல் நீலகிரி மண்ணில், உருளையின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழுவை ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். கடுகைவிடச் சிறிய கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. சோறு கிடைக்காமலே 20 ஆண்டு மண்ணில் உயிரோடு கிடக்கும். 1971 முதல் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. 2018-ல் இமாசலம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் விதைக்கிழங்குக்கும் இதே புழுவால் தடை வந்தது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் நட்டுப் பழக்கிய பயிர் இது. இன்று மேட்டுப்பாளையம் வழியாகப் பஞ்சாப் விதை மலையேறுகிறது.

● பஞ்சாபுக்கு அந்த யோகம் எப்படி வந்தது? உருளைக்கு வைரஸ் நோயை ஊசி போட்டதுபோல் ஏற்றிவிடுவது அசுவினிப் பூச்சி. ஒருமுறை ஏறிய வைரஸ் கிழங்குக்குள்ளேயே அடுத்த போகத்துக்கும் போகும். மகசூல் ஆண்டுக்காண்டு இளைக்கும். அதனால் முன்பெல்லாம் விதை என்றால் அசுவினி குறைந்த மலைதான். 1950-களின் கடைசியில் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒன்றைக் கவனித்தார்கள்: வடக்குச் சமவெளியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் கடைசிவரை அசுவினி மிகக் குறைவு. அந்த இடைவெளியில் வளர்த்து, பூச்சி பெருகுவதற்கு முன்பே இலைதழையை வெட்டிவிட்டால் கிழங்கு சுத்தம். சமவெளியே விதைக்களஞ்சியம் ஆனது இப்படித்தான். 2020-ல் திசு வளர்ப்பு விதை உருளைக்கென்று பஞ்சாப் தனிச் சட்டமே போட்டது.

● கோழிமுட்டை அளவு, 40–50 கிராம். விதைக்கிழங்குக்கு இதுவே நல்ல எடை.

● பெரிய கிழங்கை இரண்டாக வெட்டி நடுவது குளிர்நாட்டுச் சிக்கனம். நம் ஈரச் சூட்டில் வெட்டுவாய் அழுகிவிடும். சாம்பல் தொட்டு வைத்தாலும் முழு நம்பிக்கை கிடையாது. அதோடு கத்தி ஒரு கிழங்கின் நோயை இன்னொன்றுக்குத் தடவிவிடும். சிறியதாக, முழுசாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் 'பொடி' என்று ஒதுக்கி வைத்திருப்பதைக் கேட்டால் விலையும் குறையும்.

● முளைகட்ட இருட்டு வேண்டாம். சமையலறை மூட்டைக்குள் வரும் முளை வெளுத்து, நீண்டு, தொட்டால் முறியும். வெயில் நேராகப் படாத, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் முட்டை அட்டையில் கண் மேல்நோக்க அடுக்கி வையுங்கள். பால்கனியோ மாடிப்படி ஓரமோ போதும். பத்துப் பதினைந்து நாளில் முளை குட்டையாக, தடிப்பாக, பச்சையோ ஊதாவோ ஏறி நிற்கும். கிழங்கும் பச்சையாகும், நல்லதுதான். ஆனால் மிஞ்சியதைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். பச்சை ஏறிய கிழங்கில் சோலனைன் என்ற நச்சு கூடியிருக்கும்.

● முதலில் விழிக்கும் உச்சிக்கண் மற்றக் கண்களை எழவிடாது. அந்த ஒற்றை முளையை நகத்தால் கிள்ளிவிட்டால் நான்கைந்து கண்கள் ஒன்றாகக் கிளம்பும். தண்டு கூடினால் கிழங்கின் எண்ணிக்கையும் கூடும்.

● கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளை ஒட்டிய மனைகளில் மண் களி. மழை நின்று ஒரு வாரம் ஆனாலும் ஈரம் விடாது. அதில் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். குரோ பேக்கோ பழைய அரிசிச் சாக்கோ எடுங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் கலந்து முதலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்புங்கள். புதுக்கிழங்கு, நட்ட கிழங்குக்கு மேலேதான் பிடிக்கும். செடி உயர உயர மண் அணைத்துக்கொண்டே வர அந்த வெற்றிடம் வேண்டும். மண் அணைக்காத பையில் கிழங்கு வெளியே தெரிந்து பச்சையாகிப் போகும்.

● தக்காளி, கத்தரி, மிளகாய் வாடிச் செத்த தொட்டியின் மண்ணை உருளைக்குக் கொடுக்கவே வேண்டாம். நான்கும் ஒரே குடும்பம், நோயும் பொது. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை: வாடிய தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் நனையும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போல் வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணை அடுத்த செடிக்கு மாற்றாமல் கழித்துவிடுவதே மேல்.

● உருளைச் செடியிலும் காய் காய்க்கும்! பச்சைத் தக்காளிக் குஞ்சுபோல் இருக்கும் அதற்குள் நிஜ விதை உண்டு. திரிபுராவில் அந்த விதையிலிருந்தே பயிர் எடுக்கப் பழகியிருக்கிறார்கள். நம் சூட்டில் பூ காயாவது அபூர்வம். காய்த்தால் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நஞ்சு.

● இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தி, தண்டை அடியோடு வெட்டிவிட்டு, பத்து நாள் கழித்துத் தோண்டினால் தோல் இறுகியிருக்கும். ஒரு பையில் கால் கிலோ தேறினால் சென்னைக்கு அது நல்ல மகசூல். கடை விலையோடு ஒப்பிட்டால் நஷ்டக் கணக்குதான். அன்றைக்குத் தோண்டி அன்றைக்கே வேகவைத்ததைத் தின்றவர்கள் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

● சொந்தக் கிழங்கையே அடுத்த வருடத்துக்கு விதையாக வைக்கலாமா? மாசியில் எடுத்ததைக் கார்த்திகைவரை காக்க வேண்டும். நடுவில் அக்னி நட்சத்திரம் நிற்கிறது. போதாததற்குக் கிழங்கு அந்துப்பூச்சி வேறு. உண்ணிச்செடித் தழையை மேலும் கீழும் பரப்பி வைத்தால் அது அண்டாது என்பது சேமிப்புக் கிடங்குகளில் பழகிய முறை. சூட்டுக்குத்தான் வழியில்லை. வீட்டில் 4 டிகிரி இருக்கும் ஒரே இடம் ஃப்ரிட்ஜ். காகிதப் பையில் சுற்றிக் காய்கறித் தட்டின் அடியில் எட்டு மாதம் வைக்கலாம். கிழங்கு ஒத்துக்கொள்ளும், வீட்டில் ஒத்துக்கொள்கிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.