பழத்தின் மேல் மெழுகு: எடையைக் காக்கும், அழுகலைத் தடுக்காது

சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் விற்கும் நம் உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரிந்த நஷ்டம் ஒன்று உண்டு. நூறு கிலோவாக இறக்கிய சரக்கு, ஒரு பழம்கூட அழுகாமலே நாலைந்து நாளில் எடை குறைந்து நிற்கும். போனது தண்ணீர்தான். நூற்றுக்கு ஐந்து குறைந்தால் ஐந்து கிலோவின் விலை நம் கையைவிட்டுப் போகிறது. தோல் சுருங்கிய மீதிப் பழத்தையும் வாடிக்கையாளர் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். இந்த இழப்பைக் குறைக்கப் பூசப்படும் இயற்கை மெழுகுகளைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

எலுமிச்சை இனப் பழங்கள் மரத்தில் இருக்கும்போதே தோலின் மேல் மெல்லிய மெழுகுப் படலத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. பறித்தபின் அழுக்குப் போகக் கழுவித் தேய்க்கையில் அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதை ஈடுசெய்வதே பூச்சின் வேலை. அமெரிக்காவில் 1920-களிலேயே இது தொழில்முறையில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, புதிய பழங்களின் மேல் மூன்று மெழுகுகளுக்கே இடமுண்டு: தேன் மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு மெழுகு. அவையும் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. பூசியிருப்பதை லேபிளில் தெரிவிக்கவும் வேண்டும். கார்னாபா என்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் கிடைப்பது. ஈரம் வெளியேறுவதை நன்றாகத் தடுக்கும். அரக்கு, ஜார்க்கண்ட் போன்ற பகுதிகளில் மரக்கிளைகளில் வாழும் பூச்சி சுரப்பது. பளபளப்பில் இதுவே முதல். ஆனால் குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்துப் பழம் வியர்த்தால் வெள்ளை பூத்துவிடும். சுத்த சைவ வாடிக்கையாளர்கள் கேட்டால் இது பூச்சியிடமிருந்து வருவது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நமக்கு மரியாதை.

மெழுகுவர்த்தி செய்யும் பாரஃபினும் மினரல் ஆயிலும் இந்தப் பட்டியலில் இல்லை. மினுமினுப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். வீட்டில் நாலு எலுமிச்சம்பழத்துக்குத் தடவுவது வேறு, விற்பனைச் சரக்கு வேறு. நாளானால் சிக்கு வாடை வரும். எலுமிச்சையைத் தோலோடுதான் ஊறுகாய் போடுகிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சோற்றுக் கற்றாழைச் சோறு, மரவள்ளி மாவு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் ஆகியவற்றையும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்து வருகிறார்கள். மாவுப் பூச்சுகள் தனியாக நின்று ஈரத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. எடைக் குறைவுதான் நம் கவலை என்றால் மெழுகு கலந்த பூச்சே பயன் தரும்.

பூச்சு தடித்தாலும் ஆபத்தே. பறித்த பழமும் மூச்சு விடுகிறது. காற்றை முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே சாராய வாடை எழும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், உரித்தவர் மறுபடி நம் கடைக்கு வரமாட்டார். ஆகவே கழுவி, உலர்த்தி, மெல்லிசாகத் தெளித்து, பிரஷ் கொண்டு பரப்பி, மறுபடி காற்றில் உலர்த்தும் வசதியுள்ள பேக்கிங் கூடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. கடையின் பின்புறம் டிரம்மில் முக்கி எடுக்கும் வேலையல்ல.

அழுகல் விஷயம் தனி. பச்சைப் பூசணமும் நீலப் பூசணமும் காயம்பட்ட இடத்தின் வழியாகப் பழத்துக்குள் நுழைகின்றன. காயம்பட்ட பழத்தின் மேல் மெழுகு பூசினால் பூசணம் போய்விடாது. பூசுமுன் தரம் பிரிக்காத சரக்குக்கு அதிக விலை கொடுப்பது வீண். பூச்சு இருக்கிறதே என்று எலுமிச்சையை 8 டிகிரிக்குக் கீழ் பல நாள் வைத்தாலும் தோலில் பழுப்புக் குழிகள் விழும்.

புளியங்குடி எலுமிச்சையை வாங்கி இரண்டு மூன்று நாளில் விற்றுவிடும் மளிகைக்கடைக்கு இந்தச் செலவு தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாமல் வைத்து, கெட்ட பழத்தைத் தினமும் பொறுக்கி எடுத்தால் போதும். நாக்பூர் ஆரஞ்சையும் ஆந்திரச் சாத்துக்குடியையும் வாரக்கணக்கில் இருப்பு வைக்கும் மொத்த வியாபாரிகளுக்குத்தான் இது கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். அவர்கள் மெழுகு பூசிய சரக்கை வாங்கும்போது என்ன மெழுகு என்பதைப் பெட்டி லேபிளில் பார்த்து, பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.