எடை கூடுகிறது, ரத்தம் குறைகிறது: தட்டில் என்ன கோளாறு?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு, இருக்க வேண்டியதைவிட எடை அதிகம். அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரண்டுமே 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் பதிவான கணக்குகள். ஆண்களிலும் 37 சதவீதம் பேர் கூடுதல் எடைக்காரர்கள்தான்.

சாப்பாடு மிகுந்தால் உடம்பு பெருக்கும், சாப்பாடு போதாவிட்டால் சத்துக் குறையும் என்றுதான் நாம் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே வீட்டில், பல நேரங்களில் ஒரே உடம்பில், இரண்டும் சேர்ந்து வருவது எப்படி?

உணவு உடலுக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, இயங்கத் தேவையான சக்தியைத் தருவது. இன்னொன்று, தசை, எலும்பு, ரத்தம் என்று எல்லாவற்றையும் கட்டிக் காப்பது. சக்தியைக் கலோரியில் அளக்கிறோம். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9, மதுவில் 7. வைட்டமின்களிலும் தாது உப்புகளிலும் கலோரியே கிடையாது. ஆனால் அவை இல்லாமல் உண்ட மாவுச்சத்தை உடலால் ஒழுங்காகப் பயன்படுத்த முடியாது, ரத்தமும் ஊறாது. கலோரியை அள்ளிக் கொடுத்து, மற்றதைக் கிள்ளிக் கொடுக்கும் சாப்பாட்டையே நாள்தோறும் சாப்பிட்டால் எடையும் கூடும், சத்துக் குறைவும் வரும். நம் வீடுகளின் மதியச் சாப்பாடு பெரும்பாலும் அந்த ரகம்.

குன்னூரில் ஓர் அறை

தீட்டிய அரிசியின் மீதான சந்தேகம் நேற்று வந்ததல்ல. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். கை கால் மரத்துப்போய், உடல் வீங்கி, இதயம் தளர்ந்துபோகும் நோய் அது. அந்த ஓரறை ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்தியர் ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று இன்று பரிந்துரைப்பது அந்த நிறுவனமே. சேலத்தில் பிறந்த சி.கோபாலன் அதன் இயக்குநராக இருந்தவர்.

பெரிபெரிக்குக் காரணம் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைபாடு. ஆலையில் அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு தயமினும் போய்விடுகிறது. புழுங்கலரிசியில் நிலைமை வேறு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடியில் இருக்கும் தயமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் அது தங்கும். பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி வேரூன்றியிருந்தபோது, புழுங்கல் சாப்பிட்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பித்தன. ஆராய்ச்சி எதுவும் தெரியாமல், நெல் அவித்த பாட்டிமார் செய்த உபகாரம் அது.

மெக்காரிசன் இன்னொரு சோதனையும் செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் முதலிடத்தில் நின்றன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டைத் தின்றவை கடைசி. இதை வைத்து 'கோதுமைதான் உசத்தி' என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. என் பார்வையில் அது பாதி உண்மைகூட இல்லை. ரொட்டிக்குப் பக்கத்தில் பாலும் பருப்பும் காயும் தாராளமாக இருந்தன. சோற்றுக்குப் பக்கத்தில் அவை பேருக்குத்தான் இருந்தன.

நூறு ஆண்டு கழித்தும் கிட்டத்தட்ட அதே செய்திதான் வருகிறது. சர்க்கரை நோய் பற்றிச் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தும் ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியாயின. இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான். வெள்ளை அரிசியை விட்டு முழுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினாலும், மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காதவரை சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் ஒரு சிறு பங்கை பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் ஆபத்து குறைகிறது.

சிறுதானியப் பிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தினையிலும் சாமையிலும் நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இதெல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் கலோரியில் அவை அரிசிக்கு அண்ணன் தம்பிகள். 'தினைப் பொங்கல்தானே' என்று நெய் ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டால் இடுப்பு அளவு குறையாது.

ஒரு தட்டின் கணக்கு

சாதாரணமாக ஒருவர் மதியம் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தவணையில் சாப்பிடும் சோறு 400 கிராம் இருக்கும். அதில் சுமார் 520 கலோரி, 10 கிராம் புரதம். பக்கத்தில் இரண்டு தேக்கரண்டி பொரியல். சாம்பாரிலும் பருப்பு கரைந்து கிடக்குமே தவிர, கரண்டியில் கனமாக வராது.

இப்போது சோற்றைப் பாதியாக்கி 200 கிராம் வைத்துக்கொள்வோம். 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டல், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் கீரை மசியல் சேர்ப்போம். கலோரி ஏறக்குறைய அதே 520 அளவில்தான் நிற்கிறது. புரதமோ ஏறத்தாழ இரட்டிப்பாகி 19, 20 கிராமைத் தொடுகிறது. நார்ச்சத்து, இரும்பு, ஃபோலிக் அமிலம் எல்லாம் கூடவே வருகின்றன. முட்டை வேண்டாதவர்கள் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தட்டைச் சாப்பிட்டவருக்கு நாலு மணிக்கு பஜ்ஜிக் கடைப் பக்கம் கால் போவது குறையும். புரதமும் நார்ச்சத்தும் பசியை நெடுநேரம் தாங்கும் என்பதால் எடைக் குறைப்புக்கு இந்த மாற்றம் பாதி வழி.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2000 கலோரிக்கான ஒரு நாள் உணவு இப்படி இருக்கிறது: தானியம் 250 கிராம், காய்கறி 400, பழம் 100, பருப்பு-முட்டை-மீன்-இறைச்சி எல்லாம் சேர்ந்து 85, கொட்டை வகைகள் 35, எண்ணெய் 27, பால் 300 மில்லி. தானியக் கணக்கில் காலை இட்லியும் இரவு தோசையும் அடக்கம், எல்லாம் சமைக்காத எடை. நம் வீட்டுத் தட்டில் தானியம் இதைத் தாண்டி ஓடுகிறது, காய்கறியோ பாதியில் நின்றுவிடுகிறது.

புரதம் எவ்வளவு வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6, நூறு மில்லி பசும்பாலில் 3, நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது புத்திசாலித்தனம். விகிதம் மூன்றுக்கு ஒன்று இருந்தால் நல்லது. அந்த வகையில் தோசையைவிட அடை உயர்ந்த பலகாரம். கடையில் பாக்கெட் மாவு பெரும்பாலும் இட்லி தோசைக்கே கிடைப்பதால் அடை வீடுகளிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது என்பது என் வருத்தம்.

ரத்தசோகைக்கு வருவோம். பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லி கிராம் இரும்புச்சத்து தேவை, ஆண்களுக்கு 19 போதும். முருங்கைக்கீரை சாப்பிட்டால் போதும் என்று விட்டுவிட முடியாது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் லேசில் உறிஞ்சாது, வைட்டமின் சி துணைக்கு வேண்டும். சாப்பாட்டோடு எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், இல்லை நாலு துண்டு கொய்யா இருந்தால் வேலை நடக்கும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அவற்றிலுள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

எடை இயந்திரம் சொல்லாதது

2004இல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அச்சுப் பிசகாமல் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு அவர்கள் தங்களையே சாட்சியாக நிறுத்தினார்கள். அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை மணி. எடை இயந்திரத்தைவிட இஞ்ச் டேப் நம்பகமானது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

உடலில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும் என்பது தொடக்கக் கணக்கு. நாளாக ஆக இறக்கம் மெதுவாகும், ஏனென்றால் எடை குறைந்த உடலுக்குத் தேவையும் குறைவு. மூன்றாம் மாதம் முள் நகரவில்லை என்று பலர் கைவிடுவது இங்கேதான். 'பத்து நாளில் ஐந்து கிலோ' என்று விளம்பரம் செய்பவர்கள் காட்டும் இறக்கத்தில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் உடலில் சேமித்துள்ள கிளைக்கோஜனும் அதோடு ஒட்டிய நீரும் முதலில் வெளியேறும். மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையில் முதல் வாரம் நிகழும் அதிசயம் இதுதான். சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதில் இறங்குவது ஆபத்து.

நம் ஊர் நம்பிக்கைகள் சிலவற்றையும் பார்த்துவிடலாம். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டால் இளைக்கும் என்பார்கள். தலா ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்ட சப்பாத்தி நான்கு, குருமாவைச் சேர்க்காமலே 500 கலோரியைத் தாண்டிவிடும். 200 கிராம் சோறு 260தான். கஞ்சியை வடித்தால் மாவுச்சத்து போய்விடும் என்பதும் ஆசைதான், போவது சிறு பங்கு. அதோடு பி வைட்டமின்களும் வடிந்துவிடும். செக்கு எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரையோடு நாலு டீ குடித்தால் 40 கிராம் ஆகிறது, நாள் முழுக்க 25 கிராம்தான் வரம்பு.

அரை மணி நேர வேக நடையில் 130, 150 கலோரி செலவாகலாம். வரும் வழியில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும். அதற்காக நடையை விட்டுவிட வேண்டாம். குறைத்த எடையைத் தக்கவைக்கவும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அடக்கவும் நடைதான் துணை. உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி வேண்டும், நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கட்டாயம் வேண்டும். வாரம் ஒருமுறை போடும் புதிய எடைக் குறைப்பு ஊசிகள் வேலை செய்கின்றன, ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும். மருத்துவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் தாமாக எடைக் குறைப்பில் இறங்கக் கூடாது. முயலாமலே எடை இறங்கினால் உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டு என்று சொல்வது எளிது, பருப்பு விலை என்ன? அரிசி வயிற்றை நிரப்பும் மலிவான வழி என்பதால்தான் ஏழை வீட்டுத் தட்டில் அது மலையாகக் குவிகிறது. ரேஷன் கடையில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அளவில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு. சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை தரத் தெரிந்த அரசு, குடும்ப அட்டைக்கு இன்னும் ஒரு கிலோ பருப்பும் ஒரு கிலோ கொண்டைக்கடலையும் சேர்த்துத் தர வேண்டும். அரிசியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் தகும்.