ஏன் கத்தவில்லை?

சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் திகில் படம் ஓடினால், திரையில் இருப்பவர்களைவிட சோபாவில் இருப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம். "அங்கே போகாதே!" "விளக்கைப் போடேன்!" "கத்தித் தொலையேன்!" என்று ஆளுக்கொரு உத்தரவு. படத்தில் வரும் பெண் எதையும் கேட்பதில்லை. "இப்படியும் ஒரு அசடு உண்டா பாட்டி?" என்று பேத்தி தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

1994 வரை நானும் அந்தக் கட்சிதான்.

அப்போது டோம்பிவிலியில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். இவருக்கு இரவு ஷிப்ட். மகள் தூங்கிவிட்டாள். நான் சமையலறையில் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவன். கையில் குழவி இருந்தது. இரண்டடியில் பின்கதவு. அடுத்த வீட்டில் ஆறு பேர். நான் என்ன செய்தேன்? நின்றேன். அவ்வளவுதான். அவன் ரேடியோவையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் போனான். அதன்பிறகு நான் செய்த முதல் காரியம் கேஸை அணைத்தது. குரல் அப்புறம்தான் வந்தது. அதுவும் "திருடன், திருடன்!" என்று தமிழில்! பதினைந்து வருஷம் இந்தியும் மராத்தியும் பேசிய வாய்க்கு, "சோர்" என்ற ஒற்றைச் சொல் அகப்படவில்லை.

ஓடி வந்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் உடனே கத்தவில்லை?" ஊரிலிருந்து மாமியார் எழுதிய கடிதத்திலும் அதே கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பதில் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆபத்தைக் கண்டதும் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915லேயே விளக்கினார். பின்னால் வந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: உறைந்து நிற்பது. நாயைக் கண்ட முயல் அசையாமல் நிற்கிறதே, அதுதான். யோசித்து முடிவெடுக்கும் முன்பே உடம்பு முந்திக்கொள்கிறது. அது கோழைத்தனமும் இல்லை, அசட்டுத்தனமும் இல்லை.

நமக்கு ஏன் அசடாகத் தெரிகிறது? மேஜைக்கடியில் குண்டு இருப்பது ரசிகனுக்குத் தெரிய வேண்டும், மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. அதுதான் சஸ்பென்ஸ் என்பார் ஹிட்ச்காக். குண்டைப் பார்த்துவிட்ட நாம், பார்க்காதவர்களைத் திட்டுகிறோம்.

'வெயிட் அன்டில் டார்க்' (1967) படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்குக் கண் தெரியாது. கொலைகாரன் வரும்முன் வீட்டு பல்புகளையெல்லாம் உடைத்து, அவனையும் இருட்டில் நிறுத்தப் பார்க்கிறாள். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் விளக்கை மறந்துவிடுகிறாள். இதை நான் முழுசாக நம்புகிறேன். பயத்தில் புத்தி வேலை செய்தாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். நம்ப முடியாதது வேறு: அடுத்த காட்சியிலேயே சிரித்துக்கொண்டு டூயட் பாடும் கதாநாயகிகள். எனக்கு மூன்று மாதம் தாழ்ப்பாளைப் பத்துத் தடவை பார்க்காமல் தூக்கம் வரவில்லை.

இந்தக் கேள்வி என் வீட்டோடு நிற்பதில்லை. 1972ல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிப் பெண்ணுக்குக் கொடுமை நடந்தது. போராடியதற்கு அடையாளமாக உடம்பில் காயம் இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, 1978ல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபிறகு, 1983ல் சட்டமே திருத்தப்பட்டது. சோபாவில் உட்கார்ந்து சொல்லும் தீர்ப்பு படத்தோடு முடிந்தால் பரவாயில்லை. நிஜத்தில் பயந்து நின்றவர்கள் மேல் அது விழும்போதுதான் வினை.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு ஒரு யோசனை. "சோர்", "பச்சாவ்" போன்ற சொற்களைக் குழந்தைகளை உரக்கக் கத்திப் பழகச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் போதாது. ஒருமுறை வாய்விட்டுச் சொன்னது சமயத்தில் வர வாய்ப்பு அதிகம். அப்படியும் வராமல் போகலாம். அப்போது அவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். "ஏன் கத்தவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள்.