ஒரே அழுக்கு, வேறு வேறு ஈறு

ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பற்பசை. அண்ணன் ஐம்பது வயதிலும் கடலைமிட்டாயைக் கடித்துத் தின்கிறார். தம்பிக்கு நாற்பதிலேயே பல் ஆடுகிறது. நம் புளியங்குடியில் எந்தத் தெருவில் கேட்டாலும் இப்படியொரு குடும்பம் இருக்கும். ‘ஒழுங்காகத் தேய்த்தால்தானே’ என்று தம்பியைக் குறை சொல்வோம். பழி முழுவதும் அவர்மேல் இல்லை என்பதற்கான வலுவான சான்று தமிழ் உழைப்பாளிகளிடமிருந்தே கிடைத்தது.

1970-ல் நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ தலைமையிலான குழு, இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளிகளைப் பரிசோதித்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அவர்களுக்கு வாய்க்கவில்லை. எல்லோர் பல்லிலும் அழுக்கு, எல்லோர் ஈறிலும் வீக்கம். ஆனால் 15 ஆண்டுகளில் 8 சதவீதம் பேருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாக அழிந்தது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக அழிந்தது. 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? பல்லும் ஈறும் சேருமிடத்தில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஓர் இடுக்கு உண்டு. ஆரோக்கியமான ஈறிலும் அங்கே பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் ஓயாமல் இறங்கி அவற்றை அடக்கி வைக்கின்றன. இந்த அணுக்கள் திசுவுக்குள் நுழைய முடியாத பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே ஈறு அழிகிறது. எதிர்ப்பு மிஞ்சினாலும் ஆபத்துதான்; அழற்சி தாடை எலும்பையே கரைத்துவிடும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 21 பேர் மூன்று வாரம் சில பற்களைத் துலக்காமல் விட்டார்கள். சிலருக்கு அழற்சி கடுமையாக வந்தது. சிலருக்கு அதே அளவு அழுக்கு படிந்தும் லேசாகவே வந்தது. மூன்றாம் பிரிவினருக்கு அழுக்கே மெதுவாகத்தான் சேர்ந்தது. அவர்கள் பல்லில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் அதிகம் இருந்தன.

நாம் எந்தப் பிரிவு என்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் துலக்குவது எல்லோருக்கும் கட்டாயம். ரத்தம் கசிந்தால் பயந்து நிறுத்தாதீர்கள்; மென்மையான பிரஷால் தொடர்ந்து துலக்கி, பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் கசியாது, ஏமாந்துவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சீக்கிரம் கெடலாம். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் நம்முடையது. ஆனாலும் அதன் சாற்றைப் பல்லில் தேய்க்க வேண்டாம், அமிலம் எனாமலை அரிக்கும். வீட்டில் ஒருவருக்குப் பல் ஆடினால் மற்றவர்களும் ஈறைக் காட்டிவிடுவது நல்லது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பல்லைக் காப்பாற்ற வழியிருக்கிறது.